தரவுக் கிடங்கில் காலியிடம் ஏன்?

தென்கொரியாவின் டேஜான் நகரிலுள்ள தேசியத் தகவல் வள மையத்தில் 2025 செப்டம்பர் 26-ஆம் தேதி இரவு தீப்பற்றியது. மின்தடையின்போது கைகொடுப்பதற்காக வைக்கப்பட்டிருந்த லித்தியம்-அயனி மின்கலங்களை இடம் மாற்றும் பணியில் எழுந்த அத்தீ, மறுநாள் மாலையில்தான் அணைந்தது. அறுநூறுக்கும் மேற்பட்ட அரசுக் கணினிச் சேவைகள் நின்றுபோயின. கைப்பேசிவழி அடையாளச் சான்று, அஞ்சலகப் பணப் பரிமாற்றம் போன்றவை முடங்கின. அவற்றில் பெரும்பாலானவை பின்னர் படிப்படியாக மீட்கப்பட்டன. மீளாமல் போனது ஒன்று உண்டு. அரசு ஊழியர்கள் தங்கள் அலுவல் ஆவணங்களைச் சேமித்து வைத்திருந்த 'ஜி-டிரைவ்' என்னும் பொதுச் சேமிப்பகம், 858 டெராபைட் தரவுடன் அழிந்தது. அதற்கு வேறிடத்தில் காப்புப் பிரதி இல்லை. கொள்ளளவு மிகப் பெரியது என்பதால் வெளியே பிரதி எடுத்து வைக்க இயலவில்லை என்பதே சொல்லப்பட்ட காரணம்.

இன்று சந்தையில் கிடைக்கும் 20 டெராபைட் வன்தட்டுகளில் 43-ஐ வாங்கினால் அந்த 858 டெராபைட்டும் அவற்றில் அடங்கிவிடும். ஓர் இரும்பு அலமாரியின் இரண்டு தட்டுகளுக்குள் அவற்றை அடுக்கிவிடலாம். ஓர் அரசுக்கு இது பெருஞ்செலவன்று. ஆயினும் 'அளவு பெரிது, செலவு மிகுதி' என்ற சொற்றொடர் எனக்கு வியப்பளிக்கவில்லை. பல ஆண்டுகளாகச் சேமிப்பகம் ஒன்றைப் பராமரிக்கும் பணியில் இருக்கும் எனக்கு, அச்சொற்றொடர் எந்த நாட்டு அலுவலகக் கோப்பிலும் இடம்பெறக்கூடியது என்பது தெரியும். தரவுக் கிடங்கு ஒன்றில் எவையெல்லாம் கணக்கேட்டில் வீண் செலவாகத் தோன்றுகின்றனவோ, பெரும்பாலும் அவையே தரவைக் காத்து நிற்கின்றன. அது எவ்வாறு என்பதைச் சற்று விளக்க விரும்புகிறேன்.

'மேகத்தில் வைத்திருக்கிறேன்' என்று நாம் இயல்பாகச் சொல்கிறோம். அந்த மேகம் தரையில்தான் இருக்கிறது. குளிரூட்டப்பட்ட ஒரு கூடத்தில், ஆளுயர அடுக்குச் சட்டங்களில், ஒன்றின்மேல் ஒன்றாகச் செருகப்பட்ட சர்வர்கள். ஒவ்வொரு சர்வருக்குள்ளும் பத்து, இருபது வன்தட்டுகள். நாம் சேமிக்கும் ஒரு கோப்பு முழுமையாக ஒரே தட்டில் குடியேறுவதில்லை. அது சிறு துண்டுகளாக நறுக்கப்பட்டு, ஒவ்வொரு துண்டும் பல நகல்களாக வெவ்வேறு சர்வர்களில் வைக்கப்படுகிறது. இப்படிப் பல இயந்திரங்கள் கூடி ஒரே கிடங்காக இயங்குவதைப் பரவல் சேமிப்பகம் என்கிறோம். தொழிலில் இருப்பவர்கள் 'கிளஸ்டர்' என்பார்கள்.

இத்துறையின் சிந்தனையை மாற்றிய ஆவணங்களுள் ஒன்று, கூகுள் நிறுவனத்தினர் 2003-ஆம் ஆண்டு தங்கள் கோப்பு அமைப்பைப் பற்றி வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை. விலையுயர்ந்த, பழுதாகாத இயந்திரங்களைத் தேடுவதை விட்டுவிட்டு, மலிவான இயந்திரங்களை ஆயிரக்கணக்கில் வாங்கி, அவற்றில் சில எப்போதும் பழுதாகியே இருக்கும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, அதற்கேற்ப மென்பொருளை வடிவமைப்பது அவர்கள் தேர்ந்த வழி. ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று நகல் என்பதை அவர்கள் இயல்பு வழக்கமாக வைத்திருந்தனர்.

அதே காலகட்டத்தில் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சாந்தா குரூஸ் வளாகத்தில் முனைவர் பட்ட ஆய்வில் இருந்த சேஜ் வைல் உருவாக்கிய மென்பொருள் 'செஃப்'. அதைப் பற்றிய கட்டுரை 2006-இல் வெளியானது. கணவாய், பேய்க்கணவாய் ஆகியவற்றை உள்ளடக்கிய கடலுயிர் வகுப்பின் ஆங்கிலப் பெயரிலிருந்து சுருக்கப்பட்டது அதன் பெயர்; பல கைகள், ஓர் உடல். இன்றுவரை அதன் பதிப்புகளுக்கு அவ்வகை உயிரினங்களைச் சார்ந்தே பெயர் சூட்டுகிறார்கள். கட்டற்ற மென்பொருள் என்பதால் எவரும் பயன்படுத்தலாம். ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்ன் 2013 முதல் இதைப் பயன்படுத்தி வருகிறது. நான் பராமரிப்பதும் இதைத்தான்; ஆகவே இனி வரும் விவரங்கள் இதைச் சார்ந்தவை.

செஃபின் நுட்பமான கூறு, எந்தத் துண்டு எந்தத் தட்டில் இருக்கிறது என்று எழுதி வைக்கும் மையப் பேரேடு அதில் இல்லாதிருப்பது. பேரேடு இருந்தால் அதைப் பார்க்க எல்லாரும் வரிசையில் நிற்க வேண்டும்; அது அழிந்தால் எல்லாமே அழிந்தன. அதற்குப் பதிலாக ஒரு கணக்கு வாய்ப்பாடு இருக்கிறது. துண்டின் பெயரையும் கிடங்கின் வரைபடத்தையும் அவ்வாய்ப்பாட்டில் இட்டால், அது எந்த மூன்று தட்டுகளில் இருக்க வேண்டும் என்ற விடை வந்துவிடும். யார் கணக்கிட்டாலும் அதே விடை. ஆகவே யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

கிடங்கின் வரைபடம் என்று குறிப்பிட்டேன் அல்லவா? எந்தத் தட்டு எந்தச் சர்வரில், எந்தச் சர்வர் எந்த அடுக்கில், எந்த அடுக்கு எந்த அறையில் என்பதை மனிதர்கள்தாம் அதில் எழுத வேண்டும். மூன்று நகல்களும் மூன்று வெவ்வேறு அடுக்குகளில் இருக்கட்டும் என்று விதி வகுக்கலாம்; ஓர் அடுக்குக்கே மின்சாரம் போனாலும் மற்ற இரண்டு காப்பாற்றும். ஆனால் ஒரு நாள் மின்பளு காரணமாக ஒரு சர்வரைக் கழற்றி வேறோர் அடுக்கில் பொருத்துகிறார்கள். வரைபடத்தைத் திருத்த மறந்துவிடுகிறார்கள். மென்பொருள் தன் ஏட்டின்படி மூன்று அடுக்குகளில் நகல் இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கும். உண்மையில் இரண்டு நகல்கள் ஒரே அடுக்கில் அருகருகே அமர்ந்திருக்கும். பட்டா ஓரிடம், நிலம் ஓரிடம் என்று நம் ஊரில் சொல்வார்களே, அதே கதைதான். எல்லாம் நன்றாக ஓடுவதுபோலவே இருக்கும், அந்த அடுக்கின் மின்னிணைப்பு போகும் நாள்வரை.

வன்தட்டுகள் எவ்வளவு விரைவில் பழுதாகின்றன? இதில் விற்பவர் சொல்லும் கணக்கும் பயன்படுத்துபவர் காணும் கணக்கும் ஒன்றல்ல. அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007-இல் சுமார் ஒரு லட்சம் தட்டுகளின் பதிவுகளை ஆராய்ந்தனர். தயாரிப்பாளர்களின் விவரத்தாள்களின்படி ஆண்டுக்கு அதிகபட்சம் 0.88 சதவீதம் பழுதாக வேண்டும். நடைமுறையில் மாற்றப்பட்டவை பொதுவாக 2 முதல் 4 சதவீதம். சில இடங்களில் 13 சதவீதம் வரை. ஆண்டுக்கு 2 சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். ஆயிரம் தட்டுகள் கொண்ட கிடங்கில் ஆண்டுக்கு 20 தட்டுகள், அதாவது ஏறத்தாழ 18 நாள்களுக்கு ஒன்று, செத்துப்போகும். அது விபத்தன்று, மாதத்தில் இருமுறை வரும் வழக்கமான வேலை.

முன்னறிவிப்போடு சாகுமா என்றால், அதற்கும் உறுதியில்லை. அதே 2007-இல் கூகுள் வெளியிட்ட ஆய்வில், பழுதான தட்டுகளில் பாதிக்கும் மேற்பட்டவை, தட்டுகள் தம் உடல்நிலை பற்றித் தாமே பதிவுசெய்யும் முக்கியமான நான்கு அறிகுறிகளில் எதையும் காட்டாமலேயே பழுதானதாகக் கண்டறிந்தனர். நேற்றுவரை நன்றாக இருந்தவர் இன்று காலை எழவில்லை என்பதுபோல.

ஒரு தட்டு மௌனமானதும் கிளஸ்டருக்குள் நடப்பதைக் கவனித்தால், அதை வடிவமைத்தவர்களின் பொறுமை புலப்படும். தட்டுகளை நிர்வகிக்கும் நிரல்கள் சில நொடிகளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று நலம் விசாரித்துக்கொள்கின்றன. 20 நொடி பதில் இல்லையேல், 'அவர் விழுந்துவிட்டார்' என்று அண்டை நிரல்கள் புகார் செய்கின்றன. ஆனால் உடனே மாற்று நகல் எடுக்கும் வேலை தொடங்குவதில்லை. இயல்பு அமைப்பின்படி 10 நிமிடம் காத்திருக்கிறது. ஒரு சர்வர் மறுதொடக்கத்தில் இருக்கலாம். யாரோ ஒரு கம்பியை அசைத்திருக்கலாம். அதற்காகப் பல டெராபைட் தரவை இடம்பெயர்க்கத் தொடங்கினால், அந்தப் பெயர்ச்சியே பெரும் பாரமாகிவிடும். 10 நிமிடம் கடந்தும் வரவில்லையென்றால் கிளஸ்டர் அந்தத் தட்டைக் கணக்கிலிருந்து நீக்கி, மீதமுள்ள இரு நகல்களைக் கொண்டு மூன்றாவதை வேறிடங்களில் எழுதத் தொடங்குகிறது. மனிதத் தலையீடு தேவையில்லை. நான் உறங்கிக்கொண்டிருக்கும்போதே பல இரவுகளில் இது நடந்து முடிந்திருக்கிறது.

இங்கே ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். 20 டெராபைட் தட்டு ஒன்றை நொடிக்கு 200 மெகாபைட் வேகத்தில் இடைவிடாது எழுதினாலும் நிரப்ப ஏறத்தாழ 28 மணி நேரம் ஆகும். பழைய முறையில் ஒரு தட்டுக்கு மாற்றாக ஒரு தட்டை வைத்து நிரப்பினால் அத்தனை நேரமும் நாம் ஆபத்தில் இருப்போம். பரவல் சேமிப்பகத்தில் இறந்த தட்டின் துண்டுகளை நூற்றுக்கணக்கான தட்டுகள் பங்கிட்டு ஆளுக்குக் கொஞ்சமாக எழுதிக்கொள்கின்றன. ஆகவே பல மடங்கு விரைவில் முடிகிறது. ஒரு வீட்டுத் துக்கத்தை ஊர் பங்கிட்டுக்கொள்வது மாதிரி. ஆனால் இந்த ஏற்பாடு முழுவதும் ஒரே ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது. எழுதிக்கொள்ள மற்றத் தட்டுகளில் இடம் இருக்க வேண்டும்.

நான் பணியாற்றிய இடம் ஒன்றில் நிதிப் பொறுப்பில் இருந்த அலுவலர் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி, இத்துறையில் இருக்கும் எல்லாரும் எதிர்கொண்டிருக்கக்கூடியதே. "கிடங்கில் மூன்றில் ஒரு பங்கு காலியாகவே இருக்கிறதே, பிறகு எதற்குப் புதிதாக வாங்கக் கேட்கிறீர்கள்?" கேள்வி நியாயமானது. நெல் கிடங்கில் மூன்றில் ஒரு பங்கு காலியாக இருந்தால் நாமும் அப்படித்தான் கேட்போம். அவருக்கு நான் ஒரு தாளில் போட்டுக் காட்டிய கணக்கு இது.

தலா 100 டெராபைட் கொண்ட 5 சர்வர்கள் இருப்பதாகக் கொள்வோம். மொத்தக் கொள்ளளவு 500. அதில் நகல்களையும் சேர்த்து 375 டெராபைட் நிரம்பியிருக்கிறது, அதாவது 75 சதவீதம். இன்னும் கால் பங்கு காலி. பார்வைக்கு வசதியான நிலைமை. இப்போது ஒரு சர்வர் முழுவதுமாகப் பழுதாகிறது. அதிலிருந்த 75 டெராபைட் மற்ற நான்கில் குடியேற வேண்டும். அந்த நான்கின் மொத்தக் கொள்ளளவு 400. குடியேற வேண்டிய மொத்தத் தரவு அதே 375. அதாவது 93.75 சதவீதம். செஃபின் இயல்பு அமைப்பின்படி ஒரு தட்டு 85 சதவீதம் நிரம்பினால் எச்சரிக்கை எழும். 90 சதவீதத்தில், மீட்புக்காகத் தரவைப் பெற்றுக்கொள்வதை அத்தட்டு மறுத்துவிடும். 95 சதவீதத்தில் கிளஸ்டர் புதிதாக எதையும் எழுத அனுமதிக்காது. ஆகவே மேற்சொன்ன கிடங்கில் மீட்பு வேலை பாதியிலேயே நின்றுவிடும். ஒரு பகுதித் தரவு இரண்டே நகல்களுடன் அந்தரத்தில் தொங்கும். அடுத்து இன்னொரு தட்டு செத்தால் அதிலுள்ள சில துண்டுகளுக்கு ஒற்றை நகலே மிஞ்சும்.

அப்படியானால் இந்த ஐந்து சர்வர் கிடங்கை எதுவரை நிரப்பலாம்? ஒன்று போனபின் மிஞ்சும் 400-இல் 85 சதவீதம், அதாவது 340 டெராபைட். மொத்தக் கொள்ளளவில் இது 68 சதவீதம். அதுவும், எல்லாத் தட்டுகளும் சமமாக நிரம்பியிருந்தால்தான். நடைமுறையில் அவை அப்படி நிரம்புவதில்லை; சராசரி 68 என்றால் சில தட்டுகள் 60-இலும் சில 75-இலும் நிற்கும். எல்லை வகுப்பது சராசரி அன்று. மிக நிரம்பிய தட்டுதான். ஆக, அந்த அலுவலர் கண்ட காலியிடம் பயன்படாத இடமன்று. விபத்து நேரும் நாளில் குடியேறுவதற்காக ஒதுக்கப்பட்ட இடம். பேருந்தில் பின்சக்கரம் ஒன்று கூடுதலாகக் கட்டப்பட்டிருப்பதைப் பார்த்து, ஓடாத சக்கரத்துக்கு ஏன் செலவு என்று யாரும் கேட்பதில்லை. சேமிப்பகத்தில் மட்டும் கேட்கிறோம், ஏனெனில் அங்கே கூடுதல் சக்கரம் தனியாகக் கண்ணுக்குத் தெரிவதில்லை.

மூன்று நகல் என்பதே ஆடம்பரம் என்று கருதுவோருக்கு ஒரு மாற்று வழி உண்டு. 1960-இல் ரீட், சாலமன் என்னும் இரு கணித அறிஞர்கள் வகுத்த குறியீட்டு முறையைக் கொண்டு, ஒரு துண்டை நான்காகப் பிரித்து, அவற்றிலிருந்து கணக்கிட்ட இரண்டு கூடுதல் துண்டுகளைச் சேர்த்து ஆறு இடங்களில் வைக்கலாம். ஆறில் எந்த இரண்டு அழிந்தாலும் மிஞ்சிய நான்கிலிருந்து முழுவதையும் மீட்டுவிடலாம். மூன்று மடங்கு இடம் பிடிப்பது ஒன்றரை மடங்காகக் குறைகிறது. இதற்கும் விலை உண்டு: ஒரு துண்டை மீட்க நான்கு துண்டுகளைப் படிக்க வேண்டும்; கணக்கீடும் மிகுதி. அடிக்கடி மாறாத பழைய ஆவணங்களுக்கு இது பொருந்தும். காலியிடம் தேவை என்ற நிபந்தனையை இதுவும் நீக்குவதில்லை.

பழுது எப்போதும் ஓசையுடன் வருவதில்லை. தட்டு உயிரோடு இருக்கும். கேட்டால் பதில் தரும். தரும் பதில் மட்டும் பிழையாக இருக்கும். ஓர் எழுத்து, ஓர் எண் மாறியிருக்கும். நெட்ஆப் நிறுவனத்தின் 15 லட்சத்துக்கும் மேற்பட்ட தட்டுகளை 41 மாதங்கள் கண்காணித்து 2008-இல் வெளியான ஆய்வில், இத்தகைய மௌனப் பிழைகள் 4 லட்சத்துக்கும் மேல் கண்டறியப்பட்டன. இதற்காகத்தான் செஃப் நாள்தோறும் நகல்களை மேலோட்டமாக ஒப்பிட்டும், வாரம் ஒருமுறை ஒவ்வொரு பைட்டையும் முழுதாகப் படித்துச் சரிபார்த்தும் வருகிறது. 'ஸ்க்ரப்' என்று பெயர். பாத்திரம் துலக்குவதற்கு ஆங்கிலத்தில் உள்ள அதே சொல். துலக்கும் வேலை தட்டுகளின் உழைப்பைத் தின்னும். ஆண்டிறுதி, தேர்வு முடிவு போன்ற நெருக்கடி நாள்களில் 'கிளஸ்டர் மெதுவாக இருக்கிறது' என்று புகார் வந்ததும் முதலில் நிறுத்தப்படுவது இதுவே. நிறுத்துவதில் தவறில்லை. மீண்டும் தொடங்க வேண்டும் என்பதை யாரேனும் நினைவில் வைத்திருக்க வேண்டும். பல மாதங்கள் துலக்கப்படாத கிடங்கில் ஒரு தட்டு செத்து, மீட்புக்காக இரண்டாவது நகலைத் திறக்கும்போதுதான் அது முன்பே கெட்டுப்போயிருப்பது தெரியவரும். அந்த நேரத்தில் தெரிந்து பயனில்லை.

தானே குணமாகும் இந்த அமைப்பில் மனிதருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். கணிசமான வேலை, அதைச் சும்மா இருக்கச் சொல்வது. ஒரு சர்வரின் நினைவகத்தை மாற்ற அரை மணி நேரம் அதை அணைக்க வேண்டியிருக்கிறது. 10 நிமிடம் கடந்தால் கிளஸ்டர் பதறி இடம்பெயர்ப்பைத் தொடங்கிவிடும். ஆகவே முன்கூட்டியே, 'யாரையும் கணக்கிலிருந்து நீக்காதே' என்றொரு கொடியை ஏற்றிவிட்டு வேலையைத் தொடங்குகிறோம். வேலை முடிந்ததும் கொடியை இறக்க வேண்டும். இறக்க மறந்தால், அடுத்து உண்மையாகவே ஒரு தட்டு செத்தாலும் கிளஸ்டர் கீழ்ப்படிந்து வாளாவிருக்கும். எங்கள் பணியறையில் இதற்காகவே ஒரு வெள்ளைப் பலகை இருக்கிறது: கொடி ஏற்றியவர், நேரம், இறக்க வேண்டிய நேரம். கணினித் திரையிலும் இதே எச்சரிக்கை தெரியும்தான். ஆனால் திரையில் மஞ்சள் நிற எச்சரிக்கை வாரக்கணக்கில் நின்றால் கண் அதற்குப் பழகிவிடுகிறது.

ஒரே கட்டளை எவ்வளவு தூரம் பாயும் என்பதற்கு 2017 பிப்ரவரி 28-ஆம் தேதி அமேசானின் 'எஸ்3' சேமிப்பகத்தில் நேர்ந்தது சான்று. கட்டணக் கணக்கு அமைப்பு சார்ந்த சில சர்வர்களை விலக்க வேண்டிய கட்டளையில் ஓர் உள்ளீடு தவறாகத் தட்டச்சிடப்பட்டது. கருதியதைவிட அதிகமான சர்வர்கள் விலகின. இரண்டு துணை அமைப்புகளை முழுவதுமாக மறுதொடக்கம் செய்ய வேண்டியதாயிற்று. பல ஆண்டுகளாக அத்தனை பெரிய அளவில் அதைச் செய்து பார்த்திராததால் எதிர்பார்த்ததைவிட நேரம் பிடித்தது. நான்கு மணி நேரத்துக்கும் மேலாக, அதை நம்பியிருந்த எண்ணற்ற இணையதளங்கள் தடுமாறின. அந்நிறுவனம் பின்னர் செய்த திருத்தம் கருதத்தக்கது. தட்டச்சிட்டவரைப் பற்றிப் பேசாமல், கருவியை மாற்றினார்கள்: இனி சர்வர்களை மெதுவாகத்தான் விலக்க முடியும், குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகும் கட்டளையை அது ஏற்காது.

முடிவெடுக்கும் உரிமையையும் செஃப் ஒருவரிடம் விடுவதில்லை. கிடங்கின் வரைபடத்தைக் காக்கும் கண்காணிப்பு நிரல்கள் மூன்று அல்லது ஐந்து என ஒற்றைப்படையில் வைக்கப்படுகின்றன. அவற்றில் பெரும்பான்மை ஒப்புக்கொண்டால்தான் எந்த மாற்றமும் செல்லும். வலையமைப்பு இரண்டாகத் துண்டிக்கப்பட்டால், சிறுபான்மைப் பக்கம் தானே வாயை மூடிக்கொள்ளும். இல்லையேல் ஒரே கோப்புக்கு இரண்டு உண்மைகள் உருவாகிவிடும். அவ்வாறே, ஒரு துண்டுக்கு ஒற்றை நகல் மட்டும் மிஞ்சினால் இயல்பு அமைப்பில் அத்துண்டைப் படிக்கவும் எழுதவும் மறுத்துவிடும். பயனாளர் கூக்குரலிடுவார். 'எப்படியாவது திறந்துவிடு' என்று மேலிடத்திலிருந்து அழைப்பு வரும். ஓர் எண்ணை மாற்றினால் திறந்துவிடும். அந்த ஒற்றை நகலும் போனால், கடைசியாக எழுதியவை அனைத்தும் போகும். இந்த அழைப்பு வரும்போது 'மறுக்கிறேன்' என்று சொல்லும் அதிகாரம் பராமரிப்பவருக்கு எழுத்தில் தரப்பட்டிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் டேஜான் நகரில் நேர்ந்ததை இவை தடுத்திருக்காது. மூன்று நகல்களும் ஒரே கூடத்தில் இருந்தால் தீக்கு அவை ஒரே நகல்தான். தீ மட்டுமன்று, கட்டளையும் அப்படியே. ஒரு கோப்பை அழிக்கச் சொன்னால் கிளஸ்டர் மூன்று நகல்களையும் மிக ஒழுங்காக அழித்துவிடும். ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் 2021 டிசம்பரில் மீக்கணினிச் சேமிப்பகத்தின் பழைய பதிவேடுகளை அழிக்க வேண்டிய நிரல் ஒன்று, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே புதிய பதிப்பால் மேலெழுதப்பட்டது. குழம்பிய நிரல், ஆராய்ச்சிக் கோப்புகளை அழிக்கத் தொடங்கியது. 77 டெராபைட், சுமார் 3 கோடியே 40 லட்சம் கோப்புகள், 14 ஆய்வுக் குழுக்களின் உழைப்பு. அவற்றுள் நான்கு குழுக்களின் கோப்புகளுக்கு மீட்பு வழியே இல்லாமல் போயிற்று. அந்த நிரல் காப்புப் பிரதி எடுக்கும் பணியைச் சேர்ந்ததென்பது இதன் கசப்பான பகுதி.

எனவே நகல் வேறு, காப்புப் பிரதி வேறு. நகல், இயந்திரம் சாவதிலிருந்து காக்கும். காப்புப் பிரதி என்பது வேறிடத்தில், வேறு அதிகாரத்தின் கீழ், அன்றாடக் கட்டளைகள் எட்டாத தொலைவில் இருப்பது. காந்த நாடாவில் எழுதி அலமாரியில் பூட்டி வைக்கும் பழைய முறை இன்றும் மறையாததற்குக் காரணம், பூட்டிய அலமாரிக்குள் எந்தத் தவறான கட்டளையும் நுழைய முடியாது என்பதே. பிரதி எடுப்பதாக நம்புவதும் போதாது. 2017 ஜனவரி 31-ஆம் தேதி கிட்லேப் நிறுவனத்தில் தரவுத்தளம் ஒன்று தவறுதலாக அழிக்கப்பட்டபோது, அவர்களிடம் இருந்த ஐந்து காப்பு வழிகளில் எதுவும் முறையாக வேலை செய்யவில்லை என்பது அன்றுதான் தெரிந்தது. வேறொரு தேவைக்காக ஆறு மணி நேரம் முன்பு எடுக்கப்பட்ட பிரதியே அவர்களைக் காப்பாற்றியது. அதை அவர்கள் மறைக்காமல் வெளியிட்டார்கள் என்பதற்காக அவர்களைப் பாராட்ட வேண்டும்.

பொது நிறுவனங்களில் சேமிப்பகம் வாங்கப்படும் விதத்தைப் பார்க்கும்போது கவலை எழுகிறது. ஒப்பந்தப் புள்ளியில் 'ஒரு டெராபைட் என்ன விலை' என்று ஒப்பிடுகிறார்கள். எந்த டெராபைட்? பெட்டியின் மேல் அச்சிட்டதா, மூன்று நகலுக்குப் பின் மிஞ்சுவதா, ஒரு சர்வர் போனாலும் தாங்கும் அளவா? மேற்சொன்ன 500 டெராபைட் கிடங்கில் பாதுகாப்பாக நிரப்பக்கூடிய 340-ஐ மூன்றால் வகுத்தால், பயனாளருக்குக் கிடைப்பது ஏறத்தாழ 113 மட்டுமே. 500-க்குப் பணம் கொடுத்தவர் 113-ஐப் பார்த்து அதிர்ச்சியடைவதைவிட, தொடக்கத்திலேயே 113-க்கு விலை கேட்பது நேர்மை. அத்தோடு, உதிரித் தட்டுகள், வேறிடக் காப்புப் பிரதி, ஐந்தாண்டுக்குப் பின் மாற்றும் செலவு ஆகியவை அதே கோப்பில் இடம்பெற வேண்டும். ஒரே நாளில் வாங்கப்பட்ட, ஒரே தொழிற்சாலைத் தொகுதியைச் சேர்ந்த தட்டுகள் ஒன்றாகவே முதுமையடைகின்றன. ஐந்தாம் ஆண்டில் அவை வரிசையாக விடைபெறத் தொடங்கும்போது அதே வகைத் தட்டு சந்தையில் இருக்காது.

ஆள் நியமனத்தில் இதே கதை. ஒரு கிளஸ்டரை அமைக்க வெளி நிறுவனத்தார் இருவர் வந்து ஒரு மாதத்தில் முடித்துத் தந்துவிடலாம். அதன் இயல்பை, எந்த அடுக்கின் மின்னிணைப்பு பலவீனமானது, எந்த மாதத்தில் சுமை ஏறும், எந்தச் சர்வர் மறுதொடக்கத்தில் முரண்டு பிடிக்கும் என்பதை அறிந்தவர் அங்கேயே இருப்பவர். அவர் ஒருவராக மட்டும் இருந்தால், மூன்று நகல் வைத்த கிடங்கை ஒற்றை நகல் மனிதரிடம் ஒப்படைத்திருக்கிறோம் என்று பொருள். குறைந்தது இருவர் வேண்டும். ஒருவர் விடுப்பில் இருக்கும்போது மற்றவர் தட்டு மாற்றியிருக்க வேண்டும்.

எங்கள் இடத்தில் ஆண்டுக்கு இருமுறை ஒரு துறையின் கோப்புறையைக் குலுக்கலில் தேர்ந்து, அது அழிந்துவிட்டதாகவே கொண்டு, காப்புப் பிரதியிலிருந்து வெற்று இயந்திரம் ஒன்றில் மீட்டுப் பார்க்கிறோம். அத்துறையைச் சேர்ந்த ஒருவர் வந்து, தாம் அறிந்த பத்துக் கோப்புகளைத் திறந்து சரிபார்த்துக் கையொப்பமிட வேண்டும். சென்ற முறை மீட்பு முடிய ஓர் இரவு முழுவதும், மறுநாள் நண்பகல் வரையும் ஆனது. அந்த நேரத்தைக் குறித்து, கிடங்கு முழுவதையும் மீட்க எத்தனை நாள் பிடிக்கும் என்ற கணக்கையும் சேர்த்து, நிதிப் பிரிவுக்கு அனுப்பியிருக்கிறோம்.